மூன்று இன்டு நான்கு எத்தனை? கடல் கடந்து கிறிஸ்தவப் பாடசாலைக்குப் போன ஒரு கணித ஆசிரியையின் முதல் வருடம்

கடந்த ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு நாள் காலை பத்தே முக்கால் மணிக்கு அக்காவிடமிருந்து வட்ஸ்அப் அழைப்பு வந்தது. மெல்பேர்னில் அப்போது மாலை மூன்றேகால். பாடசாலை விட்டு பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு பேசினார். பின்னால் வாகனச் சத்தம். கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்:

“நான் வகுப்புக்குள்ள போனா பிள்ளையள் எழும்பி நிக்கேல்ல. அது பரவாயில்லை. நான் சொல்லுறது அவையளுக்கு விளங்கேல்ல. பதினொரு வருசம் படிப்பிச்ச எனக்கு இண்டைக்குப் பெருக்கல் சொல்லிக் குடுக்கத் தெரியேல்ல. நான் திரும்பி வரட்டே?”

அக்கா என்றால் என் பெரியம்மாவின் மகள். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு எங்கள் இரண்டு குடும்பங்களும் கொழும்புக்கு வந்தன. நாங்கள் வெள்ளவத்தையில் தங்கினோம், அவர்கள் கொட்டாஞ்சேனையில். அங்கேயே ஒரு பாடசாலையில் அவர் கணிதம் கற்பித்தார். பெயரில் இன்னும் ஒரு புனிதர் இருக்கிற, ஆனால் அரசாங்கம் சம்பளம் தருகிற பாடசாலைகளில் ஒன்று அது. 2023 டிசம்பரில் அவுஸ்திரேலியாவுக்குப் போனார். முதல் தவணை முழுவதும் பல பாடசாலைகளில் பதிலீட்டு ஆசிரியராக ஓடினார். இரண்டாம் தவணையில் டண்டினோங் பக்கத்திலுள்ள ஒரு கத்தோலிக்க இடைநிலைப் பாடசாலையில் ஒப்பந்த வேலை கிடைத்தது. அந்த அழைப்பு வந்தது அங்கே மூன்றாவது வாரத்தில்.

பெருக்கலில் என்ன சிக்கல்? நம் ஊரில் ஆங்கிலத்தில் கணிதம் சொல்லும்போது ‘த்ரீ இன்டு ஃபோர்’ என்றால் மூன்றை நான்கால் பெருக்குவது. விடை பன்னிரண்டு. அக்காவும் அப்படித்தான் படித்தார், அப்படித்தான் படிப்பித்தார். அங்கே ‘இன்டு’ என்றால் வகுத்தல். ‘த்ரீ இன்டு டுவெல்வ்’ என்றால் பன்னிரண்டுக்குள் மூன்று எத்தனை தரம் போகும் என்ற கேள்வி. விடை நான்கு. பெருக்கலுக்கு அவர்கள் ‘டைம்ஸ்’ என்பார்கள். இருபத்தைந்து பிள்ளைகள் முன்னால் ஒரு ஆசிரியை பெருக்கல் சொல்ல, பிள்ளைகள் வகுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வாங்கில் இருந்த ஒருவன் சிரித்துவிட்டான்.

வெள்ளவத்தை காலி வீதியில் நடந்தால் வெளிநாடு போக வழிகாட்டும் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. ஐஈஎல்டிஎஸ் வகுப்பு, விசா ஆலோசனை, கார்கோ, பணமாற்று எல்லாம் அடுத்தடுத்த கடைகள். போய்ச் சேர்ந்த பிறகு வகுப்பறைக்குள் என்ன நடக்கும் என்று சொல்லும் பலகை ஒன்றையும் நான் கண்டதில்லை. அக்காவைப் பார்த்துவிட்டு இப்போது அவருடைய சக ஆசிரியர்கள் மூன்று பேர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் போகிறார்கள்?

2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை, சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர்களும் அதிபர்களும் நூறு நாட்களுக்கு மேல் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றார்கள். அதற்கு ஒரு பகுதித் தீர்வு வந்த சில மாதங்களிலேயே பொருளாதாரம் சரிந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்கு இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாயைத் தொட்டது. கூட்டிக் கொடுத்த சம்பளம் அரிசிக்கும் பஸ்ஸுக்கும் போனது.

அந்த ஜூன் மாதத்தில் அரசாங்கம் 14/2022 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையை வெளியிட்டது. அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாட்டு வேலைக்குப் போகலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாது என்றது அது. டொலர் வரவேண்டும் என்ற அவசரத்தில் திறந்த கதவு. அக்கா அந்தக் கதவால்தான் போனார். கடன், வயதான அம்மா, இரண்டு பிள்ளைகள். வேறு காரணம் தேடத் தேவையில்லை.

எங்கள் ஆசிரியர்கள் கடல் கடப்பது புதிதல்ல. யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் படித்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே மலாயாவுக்குப் போய் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் இருந்தார்கள். 1970களிலும் 80களிலும் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் போன ஆசிரியர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள்.

கடதாசிகள்

அவுஸ்திரேலியாவுக்கு ஆசிரியராகக் குடிபெயர விரும்புபவரின் தகைமையை மதிப்பிடுவது ‘எய்ட்ஸில்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு தேசிய நிறுவனம். அதன் நிபந்தனைகளை ஏஜென்சிகள் பலமுறை அரைகுறையாகச் சொல்கின்றன. ஆகவே விளக்கமாக.

பல்கலைக்கழக மட்டத்தில் குறைந்தது நான்கு வருடக் கல்வி வேண்டும். அதில் குறைந்தது ஒரு வருடம் ஆசிரியப் பயிற்சியாக இருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்குள் மேற்பார்வையுடன் வகுப்பறையில் கற்பித்த நாட்கள் குறைந்தது 45 இருக்க வேண்டும். அதற்குக் கடிதம் வேண்டும். ஆங்கிலத்தில் ஐஈஎல்டிஎஸ் பரீட்சையின் வாசிப்பிலும் எழுத்திலும் 7, பேச்சிலும் கேட்டலிலும் 8 எடுக்க வேண்டும்.

இங்கேதான் நம் ஆசிரியர்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். தேசிய கல்வியியற் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா முடித்து, நல்ல ஆசிரியராகப் பெயரெடுத்தவருக்கு அந்த டிப்ளோமா மட்டும் போதாது. பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு நியமனம் பெற்றவருக்கும் போதாது. பட்டத்தோடு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் இருந்தால் கதவு திறக்கும். அக்காவிடம் இரண்டும் இருந்தன.

ஆங்கிலம்தான் அவருக்கு மலையாக இருந்தது. எட்டு என்பது சின்ன இலக்கமல்ல. ஆறு மாதம் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் நான் பரீட்சகராக இருந்தேன். ஊடகக் கல்விப் பட்டத்தை வைத்து நான் செய்த மிகப் பயனுள்ள வேலை அதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது முறை எழுதியபோது கிடைத்தது.

தகைமை மதிப்பீடு விசாவுக்கானது. கற்பிப்பதற்கு அந்தந்த மாநிலத்தின் பதிவு தனியாக வேண்டும். விக்டோரியா மாநிலத்தில் புதியவருக்கு முதலில் தற்காலிகப் பதிவுதான் தருவார்கள். குறைந்தது 80 நாள் கற்பித்து, தன் வேலையைப் பற்றிய ஆதாரங்களை ஒரு மூத்த ஆசிரியரின் துணையோடு தொகுத்துக் காட்டினால் முழுப் பதிவு. பதினொரு வருட அனுபவசாலியும் அந்தத் தாளில் தொடக்க ஆசிரியர்தான். “எனக்குக் கீழ பயிற்சிக்கு வந்த பிள்ளையளின்ர இடத்தில இப்ப நான் நிக்கிறன்” என்றார் அக்கா.

ஏன் கத்தோலிக்கப் பாடசாலை?

கிறிஸ்தவப் பாடசாலை என்றதும் நம் மனதில் வருவது கொட்டாஞ்சேனையின் உயர்ந்த மதில், மணிக்கூண்டு, வெள்ளை அங்கி அணிந்த மதர். அங்கே நிலைமை வேறு. அவுஸ்திரேலிய மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கத்தோலிக்கப் பாடசாலையில் படிக்கிறார். அது பணக்காரருக்கான தனி உலகமல்ல. பெரும்பங்கு செலவை அரசாங்கமே தருகிறது, பெற்றோர் கட்டணம் மிச்சத்தை ஈடுகட்டுகிறது.

இதன் வரலாறு நமக்குச் சுவாரசியமானது. 1872இல் விக்டோரியா மாநிலம் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் மதச்சார்பற்றதாகவும் ஆக்கி, திருச்சபைப் பாடசாலைகளுக்கான உதவியை நிறுத்தியது. கத்தோலிக்கத் திருச்சபை தன் பாடசாலைகளை மூடவில்லை. அயர்லாந்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் துறவற ஆசிரியர்களைக் கப்பலில் வரவழைத்து, சம்பளமில்லாத உழைப்பில் நடத்தியது. 1962 ஜூலையில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கோல்பர்ன் என்ற ஊரில், ஒரு கத்தோலிக்கப் பாடசாலைக்கு மேலதிகக் கழிப்பறைகள் கட்டவேண்டும் என்று அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். அதற்குப் பணமில்லை. ஊரிலுள்ள கத்தோலிக்கப் பாடசாலைகள் எல்லாவற்றையும் மூடி, ஏறத்தாழ 2000 பிள்ளைகளை அரசாங்கப் பாடசாலைகளின் வாசலுக்கு அனுப்பினார்கள். இடமில்லை. அந்தப் போராட்டம் ஒரு வாரம்தான் நீடித்தது, ஆனால் விவாதம் திசை மாறியது. 1964 முதல் மத்திய அரசின் பணம் இந்தப் பாடசாலைகளுக்கும் வரத் தொடங்கியது.

இலங்கையில் அதே காலத்தில் நடந்தது நேர் எதிரானது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் குடியிருந்து எதிர்த்தார்கள். சில பெரிய பாடசாலைகள் மட்டும் உதவியை விட்டுத் தனியாராக நின்றன. அக்கா படிப்பித்த பாடசாலையில் புனிதரின் பெயர் மிஞ்சி, நிர்வாகம் மாறியது அப்போதுதான்.

அங்கே துறவிகள் குறைந்துபோனார்கள். அவர்களின் இடத்துக்குப் பொதுநிலை ஆசிரியர்கள் வந்தார்கள். இப்போது அந்த ஆசிரியர்களுக்கும் தட்டுப்பாடு. ஒரு காலத்தில் அயர்லாந்துக் கன்னியாஸ்திரி நின்ற கரும்பலகைக்கு முன்னால் இன்று கேரளத்தவரும் பிலிப்பீன்ஸ்காரரும் எங்கள் அக்காவும் நிற்கிறார்கள்.

சிலுவை அடையாளம் போட வேண்டுமா?

எங்கள் குடும்பம் சைவம். அக்கா போவதற்கு முன் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். கொட்டாஞ்சேனையில் சைவ ஆசிரியர் கிறிஸ்தவப் பெயருள்ள பாடசாலையில் கற்பிப்பது சாதாரணம். காலையில் பொன்னம்பலவாணேசர் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு, புனித லூசியா பேராலயத்தைக் கடந்து வகுப்புக்குப் போன பெண் அவர். ஆனால் அங்கே பாடசாலை திருச்சபையின் கையில் இருக்கிறது.

வேலைக்கு எடுக்கும்போதே அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். கத்தோலிக்கராக இருக்கத் தேவையில்லை. பாடசாலையின் கத்தோலிக்க அடையாளத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். கத்தோலிக்கப் பாடசாலையில் கற்பிப்பதற்கான ஒரு தகுதிச் சான்றை ஐந்து வருடத்துக்குள் பெற வேண்டும். அது கணித ஆசிரியருக்கும் உண்டு. திருச்சபையின் கல்விச் சிந்தனை பற்றிய பயிற்சிகளில் பங்குபற்றிப் பெறுவது. மறைக்கல்வி கற்பிப்பதற்கு வேறு சான்று, அது அவருக்குத் தேவையில்லை.

முதல் திருப்பலிக்குப் பாடசாலை முழுவதும் போனபோது மறைக்கல்விப் பொறுப்பாசிரியரிடம் அக்கா நேரடியாகக் கேட்டார். “மற்றவர்கள் நிற்கும்போது நில்லுங்கள், இருக்கும்போது இருங்கள். நற்கருணை வாங்க வேண்டாம். மற்றது உங்கள் மனம்” என்று பதில் வந்தது. வகுப்பில் ஒவ்வொரு காலையும் சிறிய செபம் உண்டு. அதை ஒரு மாணவர் வாசிக்க, அக்கா கைகட்டி நிற்கிறார். பெரியம்மாவிடம் இதை விளக்கியபோது, “அப்ப இஞ்ச மாதிரித்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அங்கே ஒவ்வொரு கூட்டமும் வேறொரு வசனத்தோடு தொடங்கும். இந்த நிலத்தின் பூர்வீக உரிமையாளர்களுக்கு மரியாதை செலுத்துகிறோம் என்பது. முதல் நாள் அதைக் கேட்டபோது, நிலம் விட்டு வந்தவளாகத் தனக்கு என்னவோ செய்தது என்று அக்கா சொன்னார். நான் மேலே கேட்கவில்லை.

பிரம்பு இல்லாத வகுப்பு

நம் நாட்டிலும் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை சொல்கிறது. சுற்றறிக்கை அலுமாரியில், அடிமட்டம் மேசையில் என்பதுதான் பல இடங்களில் நடைமுறை. அக்கா அடிப்பவர் அல்லர். ஆனால் குரலை உயர்த்துவார், வகுப்பின் முன்னால் வைத்து ஏசுவார். அதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவும் இல்லை, ஏனென்றால் அறுபது வருடப் பழக்கம் அவருக்குப் பின்னால் நின்றது. ரீச்சர் வந்தால் எழும்ப வேண்டும், ரீச்சர் சொன்னால் சரி.

அங்கே அந்தப் பழக்கம் இல்லை. பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்கும். அது எதிர்ப்பல்ல, உண்மையான கேள்வி. குழப்படி செய்த பிள்ளையோடு தனியாக இருந்து பேச வேண்டும், யாருக்குப் பாதிப்பு, எப்படிச் சரிசெய்வது என்று கேட்க வேண்டும், பேசியதைப் பதிய வேண்டும். முதல் மாதம் அக்காவுக்கு இது பலவீனமாகத் தெரிந்தது. ஒரு நாள் ஒரு பெண் பிள்ளையை வகுப்பின் முன்னால் ஏசினார். பிள்ளை அழவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள். மாலையில் தாயிடமிருந்து மின்னஞ்சல். அடுத்த நாள் அக்கா அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டார். பதினொரு வருடத்தில் ஒரு மாணவியிடம் அவர் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சிறுவர் பாதுகாப்பு விதிகள் இதைவிட இறுக்கம். பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடக்கிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால் ஆசிரியர் சட்டப்படி அறிவித்தே ஆகவேண்டும். குடும்ப விடயம், பெயர் கெட்டுவிடும் என்று மௌனமாக இருக்க முடியாது. திருச்சபைப் பாடசாலைகளில் இந்த இறுக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. நிறுவனங்களில் நடந்த சிறுவர் பாலியல் துஷ்பிரயோகம் பற்றி விசாரிக்க 2013இல் ஒரு அரச ஆணைக்குழு அமைந்தது. 2017 டிசம்பரில் அதன் இறுதி அறிக்கை வந்தது. மத நிறுவனங்களில் தமக்கு நடந்ததை அந்த ஆணைக்குழுவிடம் தனிப்பட்ட அமர்வுகளில் சொன்னவர்களில் பத்தில் ஆறு பேர் கத்தோலிக்க நிறுவனங்களைப் பற்றிப் பேசினார்கள். போகிறவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஒரு பிள்ளையுடன் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசாதே, தலையைத் தடவாதே என்று சொல்லும்போது அது நம் அன்பைச் சந்தேகிப்பதாகத் தோன்றாது.

நம்மிடம் வந்தவர்கள்

‘திரும்பி வரட்டே?’ என்ற கேள்விக்கு அன்று நான் நல்ல பதில் ஒன்றும் சொல்லவில்லை. “தவணை முடியட்டும் அக்கா, பொறுங்கோ” என்றேன். பிறகு எங்கள் அம்மம்மாவின் ஞாபகம் வந்தது. அவர் உடுவில் மகளிர் பாடசாலையில் படித்தவர். எலைசா அக்னியூ என்ற பெயரை அவர் சொல்லித்தான் நாங்கள் கேட்டோம்.

அக்னியூ நியூயோர்க்கில் 1807இல் பிறந்தவர். 1839இல் பொஸ்டனில் கப்பல் ஏறி, 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்தார். இலங்கைக்குத் திருமணமாகாமல் தனியாக வந்த முதல் பெண் மிஷனரி என்று அவரைச் சொல்வார்கள். 1824இல் ஹரியட் வின்ஸ்லோ தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையைப் பொறுப்பெடுத்து, ஏறத்தாழ நாற்பது வருடம் நடத்தினார். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைக்குக் கற்பித்தார். ஒரு முறைகூட ஊருக்குத் திரும்பாமல் 1883இல் மானிப்பாயில் இறந்தார். ‘ஆயிரம் மகள்களின் தாய்’ என்று பெயர் பெற்றார்.

இது இனிப்பான கதையாக மட்டும் நின்றுவிடக் கூடாது. வந்தவர்களுக்குப் பின்னால் மிஷன் பணமும் வெள்ளை அரசாங்கத்தின் நிழலும் இருந்தன. அந்த நிழலும் எப்போதும் நிச்சயமில்லை. 1820இல் அச்சியந்திரத்தை இயக்க வந்த ஜேம்ஸ் கரெட் என்ற அமெரிக்கரை ஆளுநர் பார்ன்ஸ் தங்க விடவில்லை. 1833 வரை புதிய அமெரிக்க மிஷனரிகளுக்கு அனுமதி இருக்கவில்லை. விசா மறுப்பு இருநூறு வருடத்துக்கு முன்பும் இருந்தது.

அந்தப் பாடசாலைகள் பிள்ளைகளின் பெயரையும் மாற்றின. அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பும் நன்கொடையாளரின் பெயரை அந்தப் பணத்தில் படிக்கும் பிள்ளைக்கு வைத்தார்கள். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான கரோல் விசுவநாதபிள்ளையின் பெயரில் ஒட்டியிருக்கும் ‘கரோல்’ அந்த வழக்கத்தின் மிச்சம்.

ஆனால் நிலைத்து நின்றவர்கள் எல்லோரும் ஒரு வேலையைச் செய்தார்கள். இங்கே யாரிடமாவது மாணவராக இருந்தார்கள். 1816இல் வந்த டானியல் பூர் தமிழ் படித்தார். வெஸ்லியன் பாடசாலையை நடத்திய பீற்றர் பேர்சிவல் தன்னிடம் படித்த ஆறுமுகத்தையே துணையாக வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கினார். அந்த மாணவர் பிறகு அவரிடமிருந்து விலகி, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, ஆறுமுக நாவலர் ஆனார். கொட்டாஞ்சேனைக்கு 1869இல் நல்லாயன் கன்னியர் வந்தபோது, அவர்களும் முதலில் இங்கே மொழி கேட்டுத்தான் நடந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு குரல்பதிவாக அக்காவுக்கு அனுப்பினேன். “அவைக்கு ராச்சியம் இருந்தது. எனக்கு ஒரு வருச ஒப்பந்தம்தான் இருக்கு” என்று பதில் வந்தது. சரியான பதில்தான்.

பெயரில் ஒரு ழகரம்

அக்காவின் பெயரில் ஒரு ‘ழ’ இருக்கிறது. முதல் நாளே அலுவலகத்தில் அதைச் சுருக்கி, அடையாள அட்டையில் வேறு யாரோ ஒருவருடைய பெயர்போல அடித்துக் கொடுத்தார்கள். அவரும் பேசாமல் மாட்டிக்கொண்டார்.

அவருக்கு வழிகாட்டியாக நியமிக்கப்பட்டவர் இத்தாலியப் பரம்பரையில் வந்த ஒரு மூத்த ஆசிரியை. அக்காவின் வகுப்பைப் பின்னால் இருந்து பார்த்துவிட்டு இரண்டே விடயம் சொன்னார். ஒன்று, மெதுவாகப் பேசு. மற்றது, பிள்ளைகளின் பெயரை அவர்களிடமே கேட்டுப் பழகு. அந்த வகுப்பில் வியட்நாமியப் பெயர்கள், தென் சூடானியப் பெயர்கள், சமோவாப் பெயர்கள், மலையாளப் பெயர்கள். அடுத்த நாள் அக்கா கணிதத்தைத் தொடங்கவில்லை. தன் முழுப் பெயரையும் பலகையில் எழுத்து எழுத்தாக எழுதி, ழகரத்தைச் சொல்லவைத்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து தங்கள் பெயரைச் சொல்லச் சொல்லி, தான் திருப்பிச் சொன்னார். பிழைத்தபோது அவர்கள் திருத்தினார்கள். கடைசி வாங்கில் சிரித்த பையனின் பெயர் தென் சூடானில் அவனுடைய பாட்டனாரின் பெயராம். இந்தப் பாடசாலையில் அதை ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை என்றானாம்.

அதன் பிறகு ‘இன்டு’ பற்றியும் வெளிப்படையாகப் பேசினார். என் ஊரில் இது பெருக்கல், உங்கள் ஊரில் வகுத்தல், நான் மறந்து பழையபடி சொன்னால் கை தூக்குங்கள். முதல் வாரம் ஒரு பாடத்துக்கு ஐந்தாறு கைகள் எழுந்தன. ஓகஸ்ட் மாதத்தில் ஒன்று, இரண்டு. ஒரு புது ஆசிரியர் வேரூன்றுவதற்கு இதைவிடப் பெரிய வித்தை ஏதும் எனக்குத் தெரியவில்லை. தெரியாததை வகுப்பின் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஊர் ஆசிரியர்களுக்கு அதுதான் ஐஈஎல்டிஎஸ் எட்டைவிடக் கடினம்.

இங்கே விட்டுப்போன வகுப்பு

அக்கா போன நேரத்தில் தரம் 10இல் இருந்த அவருடைய வகுப்பு இப்போது தரம் 11. வரும் மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சை. அவருக்குப் பதிலாக ஒரு கணித ஆசிரியர் வர ஒரு தவணை முழுவதும் சென்றது. அதுவரை வேறு பாட ஆசிரியர்கள் மாறி மாறி வந்து வகுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். வசதியுள்ள பிள்ளைகள் ரியூசனுக்குப் போனார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஒரு விசா விளம்பரமாகிவிடும். சுற்றறிக்கை போகிறவருக்குக் கதவைத் திறந்தது, போனவரின் இடத்தை யார் நிரப்புவது என்று அதில் திட்டம் இருக்கவில்லை. அக்காவைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் தாய் ஜம்பட்டா வீதியில் என்னைக் கண்டு, “ரீச்சர் எப்ப வருவா?” என்று கேட்டபோது பதில் சொல்லவும் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு

ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன் பாடசாலையிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். முழுப் பதிவு பெறும்வரை எனக்கு வழிகாட்டும் ஆசிரியர் யார், அதற்கு நேரம் ஒதுக்குவீர்களா? மத நிகழ்வுகளில் என்னிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள்? ஒப்பந்தம் எத்தனை தவணைக்கு, அது முடிந்தால் விசாவுக்கு என்னவாகும்? வேலை தேடும் முதல் மாதங்களுக்குக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். பதிலீட்டு ஆசிரியருக்குக் காலை ஆறரைக்கு அழைப்பு வந்தால்தான் அன்றைய சம்பளம், விடுமுறைக்குச் சம்பளமில்லை. அந்த நாட்டுப் பாடப்புத்தகத்தை முன்கூட்டியே வாசியுங்கள். உங்கள் பாடத்தில் உங்கள் ‘இன்டு’ எது என்று தேடுங்கள். எல்லாப் பாடத்திலும் ஒன்று இருக்கும்.

கடந்த மாதம் 6ஆம் திகதி இங்கே ஆசிரியர் தினம். ஞாயிற்றுக்கிழமை. பழைய வகுப்பின் வட்ஸ்அப் குழுவை அக்கா இன்னும் விட்டு விலகவில்லை. வாழ்த்துகளுக்கு நடுவில் ஒரு பிள்ளை இருபடிச் சமன்பாடு ஒன்றைப் படம் பிடித்துப் போட்டிருந்தது. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மணித்தியாலம் அவர்களுக்கு இணையவழி வகுப்பு எடுக்கிறார். கடந்த வாரம் அதில் பெருக்கலுக்கு ‘டைம்ஸ்’ என்று சொல்லிவிட்டாராம். கொட்டாஞ்சேனையிலிருந்து நான்கு பேர் கை தூக்கினார்களாம்.

ஒப்பந்தம் இன்னொரு வருடத்துக்கு நீடிக்கப்பட்டிருக்கிறது. ஐந்து வருட விடுமுறை 2028 டிசம்பரில் முடியும். அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.